கேளுங்க அண்ணாச்சி: வளர்ந்த விதமும் வேலைக்குப் போகும் தெம்பும்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் எந்தக் கோர்ஸ், எந்தக் காலேஜ் என்பதோடு முடிந்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் வேறு ஒரு கவலை ஓடுகிறது. பிள்ளை படித்துவிட்டது, ஆனால் வேலை என்றால் கால் பின்னுகிறது, இதற்கு வளர்ந்த விதம்தான் காரணமா என்று பெற்றவர்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதையொட்டிய கடிதங்களை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. ஊர் மட்டும் உண்டு, அதுவும் வேண்டாம் என்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அண்ணாச்சி, நான் பீடி சுத்துறவ. மூத்த மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்கூட உட்கார்ந்து இலை வெட்டுவா, முனை மடக்குவா. இப்போ பி.காம் முடிச்சு வீட்டுல இருக்கா. பாளையங்கோட்டையில இன்டர்வியூனு கூப்பிட்டா 'எனக்கு பீடி சுத்தத்தான் தெரியும்'னு போகமாட்டேங்கிறா. சின்ன வயசுலயே அந்த வேலையில உட்கார வச்சு நானே அவளைக் கெடுத்துட்டேனா?
வாசகி, முக்கூடல்

தங்கச்சி, கெடுத்துவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். நல்லதுதான் செய்தீர்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்பவும் மாட்டேன். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது, புகையிலைத் தூசி வளரும் நெஞ்சுக்கு ஆகாது, விளையாட வேண்டிய நேரம் போனது போனதுதான். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், வேறு வழி இருந்திருந்தால் செய்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் சின்ன வயதில் வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாம் பின்தங்கிப் போகிறார்கள் என்பது உண்மையில்லை. கிளென் எல்டர் என்று அமெரிக்க சமூகவியலாளர் ஒருவர். 1930களில் அங்கே பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்து குடும்பங்கள் நொடித்துப்போன காலத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய பதிவுகளை எடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தார். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920, 21இல் பிறந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் வரும்போது பத்து வயதுக்கு மேல். பையன்கள் வெளியே சில்லறை வேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் நிறையப் பேர், அதிலும் பையன்கள், தனக்கு என்ன வேலை வேண்டும் என்பதில் சீக்கிரமே தெளிவானார்கள். அதே கஷ்டம் பக்கத்து ஊரான பெர்க்லியில் 1928, 29இல் பிறந்த குழந்தைகள் மேல் விழுந்தபோது கதை வேறாகிவிட்டது. அவர்கள் கைக்குழந்தைகள், வேலை செய்து வீட்டுக்கு உதவும் வயதில்லை, வீட்டில் நடந்த சண்டையையும் பயத்தையும் வாங்கிக்கொள்ள மட்டுமே முடிந்தது. குறிப்பாகப் பையன்கள் நொறுங்கிப்போனார்கள். கஷ்டப்பட்டவன்தான் முன்னுக்கு வருவான் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

உங்கள் மகள் முதல் வகையைச் சேர்ந்தவள் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது, அப்படியிருந்தும் ஏன் தெம்பு வரவில்லை? எனக்குப் படுவது இது. அவள் வெட்டிய இலையும் மடக்கிய முனையும் உங்கள் கணக்கில் ஏறின. கடையில் இலையும் தூளும் நிறுத்து வாங்கியது நீங்கள், சுற்றிய பீடிக்கட்டைக் கொண்டுபோய்ப் போட்டது நீங்கள், 'இது சரியில்லை' என்று கழித்தபோது வாதாடியது நீங்கள், கூலியை எண்ணி வாங்கியதும் நீங்கள். தான் செய்ததற்கு என்ன பலன் வந்தது என்று அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. உழைப்பு மட்டும் அவளுடையது, முடிவு எப்போதும் வேறொருவர் கையில். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு 'நான் செய்தால் நடக்கும்' என்ற எண்ணம் எங்கிருந்து வரும்?

அதனால் இனிமேல் கடைக்கு அவளை அனுப்புங்கள். பீடி சுற்ற அனுப்பச் சொல்லவில்லை, கணக்குப் பேச. வாங்கிய இலை எவ்வளவு, தேறிய பீடி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஒரு மாதத்துக்கு நோட்டில் எழுதட்டும். பி.காம் படித்தவளுக்கு அது வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் சரக்குக் கணக்கு. எந்த இன்டர்வியூவிலும் 'வீட்டுத் தொழிலில் மூலப்பொருள் கணக்கும் கழிவுக் கணக்கும் நான் பார்க்கிறேன்' என்று தலை நிமிர்ந்து சொல்லலாம், பொய்யும் இல்லை. முதல் இன்டர்வியூவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று போக வேண்டாம், உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர மட்டும் போகட்டும். அப்புறம், இளைய பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தால் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு கல்வி உதவித்தொகைக்கு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். அந்த விண்ணப்பத்தையும் மூத்தவளே போடட்டும்.

என் பையனுக்கு நாலு வயசு. ஒரு வீடியோ பார்த்தேன். குழந்தை முன்னால ஒரு மிட்டாயை வச்சு, 'நான் வர்ற வரைக்கும் தின்னாம இருந்தா இன்னொண்ணு தருவேன்'னு சொல்லிட்டுப் போகணுமாம். காத்திருக்கிற பிள்ளைதான் பின்னால நல்ல வேலைக்குப் போகுமாம். மிட்டாய் இல்லைனு அல்வாவை வச்சேன். நான் கதவைச் சாத்துறதுக்குள்ள தின்னுட்டான். அவன் எதிர்காலம்?
வாசகர், மேலப்பாளையம்

அல்வாவை வைத்து யாராவது பொறுமையைச் சோதிப்பார்களா? சூடு ஆறாத அல்வாவை இலையில் வைத்துவிட்டுக் காத்திரு என்றால் நம் ஊரில் பெரிய மனுஷன்களே தேற மாட்டார்கள். பையன் திருநெல்வேலிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தச் சோதனையை 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் நடத்தினார். காத்திருந்த குழந்தைகள் வளர்ந்த பிறகு படிப்பிலும் மற்றதிலும் கொஞ்சம் முன்னே இருந்தார்கள் என்று பின்னால் எழுதியதும் உண்மை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 2018இல் வேறு ஆய்வாளர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதே தொடர்பைத் தேடினார்கள். அதில் அது பாதிதான் தெரிந்தது, குடும்பத்தின் வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். மிட்டாயை வைப்பதற்கு முன்னால், 'இரு, உனக்கு நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்' என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கூட்டத்துக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொரு கூட்டத்திடம் வெறுங்கையோடு வந்து 'இல்லையாம்' என்றார். அதற்கப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். 2013இல் வெளிவந்த ஆய்வு. ஏமாந்தவர்களைப் பொறுமையில்லாத பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருப்பதைத் தின்பதுதான் அவர்களுக்குப் புத்திசாலித்தனம்.

இதை நான் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்களிடம் தினமும் பார்க்கிறேன். ஆறு மாதம் பயிற்சி, அதற்கப்புறம் நிரந்தரம் என்று சொன்னால் இரண்டாவது மாதமே ஐநூறு ரூபாய் கூடக் கிடைக்கும் இடத்துக்கு ஓடுகிற பையன்களை 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே கிடையாது' என்று எல்லோரும் வைகிறோம், அவனுக்கு இதுவரை யாராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் என்றார்கள், வந்ததா? முந்தைய கம்பெனியில் ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு ஆறு மாதம் என்றார்களே, அது?

அல்வாச் சோதனையை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொக்கிரகுளம் பாலத்தில் ஆறு காட்டுகிறேன் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை காட்டிவிடுங்கள். முடியாது என்றால் சொல்லாதீர்கள்.

வள்ளியூரிலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக்கல் இறுதி ஆண்டு. கேம்பஸ் இன்டர்வியூவில் 'நீங்களாக எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்' என்று கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன், உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம், குரூப், காலேஜ், ஹாஸ்டல், போட்டுக்கொண்டு போன சட்டை வரைக்கும் அப்பாதான். 21 வயதுக்கு மேல் இதெல்லாம் வருமா?

வரும் தம்பி. முழித்தாலும் கதை கட்டாமல் வந்தீர்களே, அதுவே நல்ல அறிகுறி.

முதல் கடிதத்தில் வந்த முக்கூடல் மகள் மாதிரி கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு வரும் அதே குறை, எல்லாம் கிடைத்த பிள்ளைக்கும் வரும். அங்கே பலன் அடுத்தவர் கையில் இருந்தது, இங்கே முடிவு அடுத்தவர் கையில். மார்க் சாவிக்காஸ் என்று அமெரிக்காவில் தொழில் வழிகாட்டுதல் துறையில் பேர் பெற்ற ஆள். வேலை உலகத்துக்கு ஒருவன் தயாராக இருக்கிறானா என்று பார்க்க அவர் நான்கு விஷயங்களைச் சொல்கிறார். நாளைய தினத்தைப் பற்றிய அக்கறை, அது என் பொறுப்பு என்ற பிடிமானம், என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் ஆர்வம், முடியும் என்ற நம்பிக்கை. 2012இல் 13 நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இதற்கு ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். உங்கள் அப்பாவுக்கு உங்கள் மேல் அக்கறை நிறைய, பிடிமானமும் அவரிடமே இருக்கிறது. அக்கறைக்கு நன்றி சொல்லுங்கள், பிடியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்வம் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து தெற்கே கிளம்பினால் முப்பந்தல் வரைக்கும் காற்றாலை, மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினை ஏற்றிச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம், தென்கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம். மெக்கானிக்கல் படிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இதில் ஒன்றிலாவது வேலை பார்க்கும் ஒருவரிடம் போய் 'அண்ணே, காலையில் போனதும் என்ன செய்வீங்க' என்று கேட்டதுண்டா? காற்றாலை பராமரிப்புக்குப் போகும் டெக்னீஷியன்கள் வள்ளியூர், பணகுடி டீக்கடைகளில்தான் நிற்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கல்லூரியில் சொல்லித் தராததை எல்லாம் சொல்வார்கள்.

பட்டம் முடித்ததும் ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்கு நீங்களே விண்ணப்பம் போடுங்கள், உதவித்தொகையும் உண்டு. எந்த கம்பெனி என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள், ஆனால் கேட்காதீர்கள். தேர்வு தப்பாகவே போகட்டும், ஒரு வருடத்தில் முடிந்துவிடும் விஷயம்தானே. அடுத்த இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தால் அதைச் சொல்லலாம்.

ஊர் வேண்டாம், கடற்கரைப் பக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். வயது 24. மூன்று வேலை மாறிவிட்டேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டால் கை நடுங்கும், அடுத்த நிமிஷம் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். போனில் பத்துக் கேள்வி உள்ள ஒரு சோதனை வந்தது, சிறு வயதுத் துன்பங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. எனக்கு ஆறு. நான்கைத் தாண்டினால் வாழ்க்கை பாழ் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

தம்பி, முதலில் அந்தப் போனைக் கீழே வையுங்கள்.

அந்தப் பத்துக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 1995 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மருத்துவக் காப்பீட்டில் இருந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு டாக்டர்களும் அவர்கள் குழுவும் சிறுவயதில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். அடி, வசவு, குடிக்கும் பெற்றோர், அடிபடும் தாய், பிரிவு இப்படி. 1998இல் வெளியான முதல் கட்ட முடிவு மருத்துவ உலகத்தையே உலுக்கியது. துன்பத்தின் எண்ணிக்கை கூடக்கூட, பெரியவரான பிறகு இதய நோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் எல்லாம் கூடிக்கொண்டே போயின. அதே கேள்விகளை வைத்துப் பின்னால் நடந்த ஆய்வுகளில் வேலையில்லாமல் இருப்பதற்கும் தொடர்பு தெரிந்தது. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு என்று சொல்லும், அந்த ஆயிரத்தில் நீங்கள் யார் என்று சொல்லாது. நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை, அந்த ஆண்டாவே 2020இல் ஒரு கட்டுரை எழுதி, இந்த மதிப்பெண்ணைத் தனி மனிதனின் எதிர்காலத்தைச் சொல்லப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார். ஒரே ஒருமுறை பார்த்த அடியும் பத்து வருஷம் பார்த்த அடியும் அதில் ஒரே மதிப்பெண்தான். பக்கத்து வீட்டு ஆச்சி உங்களைக் கூட்டிவைத்துச் சோறு போட்டாளா என்று அதில் கேள்வியே கிடையாது.

அந்த ஆச்சி விஷயம் பெரிய விஷயம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, வீட்டுச் சண்டை, குடி, மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல வேலையும் நம்பிக்கையுமாக வளர்ந்து நின்றார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமான ஒன்று, பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ நம்பி நிற்க ஒரு பெரியவர் இருந்தது. இன்னொன்று, சின்ன வயதில் வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பு அவர்களிடம் இருந்தது. பதின்வயதில் தடம் மாறிப்போனவர்களிலும் பலர் இருபது, முப்பதுகளில் ஒரு வேலை, ஒரு பயிற்சி, ஒரு நல்ல துணை கிடைத்ததும் திரும்பி வந்தார்கள். இருபத்து நாலு வயதில் கதவு சாத்தியாச்சு என்று யார் சொன்னது?

இப்போது பையைத் தூக்கும் விஷயம். உங்கள் வீட்டில் ஆண் குரல் உயர்ந்தால் அடுத்தது அடி. வெளியே ஓடியதுதான் அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியது, உடம்பு அதை மறக்கவில்லை. இன்றைக்கு சூப்பர்வைசர் கத்துவது டெலிவரி தாமதம் என்பதற்காக என்று மூளை புரிந்துகொள்வதற்குள் கால் வாசலுக்குப் போய்விடுகிறது. அதனால் காலுக்கு வேறு ஒரு பாதையைக் காட்டுங்கள். 'தண்ணி குடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வாரேன் சார்.' இந்த ஒரு வரியை வீட்டில் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். வெளியே போகலாம், பை மட்டும் உள்ளேயே இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கூட வேலை பார்ப்பவர்களில் வயதில் மூத்த, நிதானமான ஒருவரைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், கை நடுங்கும்போது அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

இது மட்டும் போதாது என்றும் எனக்குத் தோன்றுகிறது. 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க வேண்டும் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'கோட்டி புடிச்சவன் போற இடம்' என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பல்வலிக்குப் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, முன்வந்து எதையும் செய்வதில்லை என்று மேனேஜர் எழுதிக்கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரில் எங்கே நிற்கலாம், யாரிடம் எப்படிப் பேசலாம் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கேயும் 'திருநெல்வேலில எங்க?' என்று யாராவது கேட்டால் தொண்டை அடைக்கிறது.
நாங்குநேரி வட்டாரம்

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஊரு என்பது முதல் கேள்வி, எந்தத் தெரு என்பது இரண்டாவது, அதோடு கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் உங்கள் பக்கத்தில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஆனால் கயிறு இல்லாத பள்ளியிலும் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. பத்துப் பதினைந்து வருஷம் 'பேசினால் வம்பு' என்று சொல்லிக்கொடுத்த இடத்திலிருந்து வந்த பையனை, சேர்ந்த சில மாதத்தில் தானாகக் கை தூக்கவில்லை என்று குறை எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மேனேஜர் யாராவது இதைப் படித்தால், மீட்டிங்கில் பேசாத ஆளிடம் பேர் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும்.

உங்களுக்கு: மீட்டிங்குக்கு முந்தின நாளே உங்கள் யோசனையை இரண்டு வரியில் மேனேஜருக்கு மெயிலாக அனுப்பிவிடுங்கள். மறுநாள் அவரே 'நீங்க ஏதோ எழுதியிருந்தீங்களே' என்று எடுப்பார், பாதி பாரம் குறையும். ஊர்க் கேள்விக்கு 'நாங்குநேரி பக்கம்' என்று சொல்லிவிட்டு 'நீங்க?' என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு மேல் ஒருத்தர் தோண்டினால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. யாரிடம் எப்போது எவ்வளவு பேசலாம் என்று ஆளை எடைபோடும் பழக்கம், எவ்வளவு கொடுமையான இடத்தில் வந்ததாக இருந்தாலும், வாடிக்கையாளரோடு பேசும் வேலையில் கை கொடுக்கும். அதற்காக அந்தக் கொடுமைக்கு நன்றி சொல்ல வேண்டாம்.

பேரன் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வாரான். ஒன்பது வயசு. மகள் காலையில ரெண்டு மணி நேரம் ஆன்லைன் கோடிங் கிளாஸ்ல உட்கார வைக்கச் சொல்லுதா. எனக்கு அவனை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்.
ஆச்சி ஒருவர், கல்லிடைக்குறிச்சி

ஆத்துக்கே கூட்டிட்டுப் போங்க ஆச்சி, அணையில் தண்ணி திறந்திருக்கா என்று மட்டும் கேட்டுக்கிடுங்க. திரும்பி வரும்போது அப்பளம் போடும் வீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கடையில் காய் வாங்க அவனையே காசு கொடுத்து அனுப்புங்கள், மீதிச் சில்லறையில் தப்பு வந்தால் திட்டாமல் திரும்ப அனுப்பிக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். கோடிங்கை மகள் ஊருக்குப் போய் நடத்திக்கொள்ளட்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியை. என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால் என் பிள்ளைகள் போலீஸ், டீச்சர், நர்ஸ், கலெக்டர் என்ற நான்கைத் தாண்டுவதில்லை. எப்படி மாற்றுவது?
சங்கரன்கோவில்

பார்த்த வேலையைத்தானே டீச்சர் சொல்வார்கள். கலெக்டரைக்கூடப் படத்தில் பார்த்ததுதான். 2022 மார்ச்சிலிருந்து 'நான் முதல்வன்' திட்டத்தில் வழிகாட்டி வகுப்புகள் நடக்கின்றன, நல்ல விஷயம், ஆனால் ஸ்லைடில் பார்க்கும் வேலை மனதில் ஒட்டாது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'என்னால் முடியும்' என்ற எண்ணம் ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977இல் எழுதினார். தானே செய்து பார்த்தது முதலிடம். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. தன்னைப் போன்ற என்பதுதான் முக்கியம். பெரிய அதிகாரியை ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், 'அவங்க வேற' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் பள்ளியிலேயே படித்து ஐந்து வருஷம் முன்னால் போன பிள்ளையைக் கூப்பிடுங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் தகடு செய்யும் ஆலைக்குப் போகும் பெண், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் எழுதும் பையன், விசைத்தறி வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர், புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றுமதி செய்பவர். வெற்றிக் கதை சொல்ல விடாதீர்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய், கையில் எவ்வளவு வருகிறது, முதல் மாதம் ஹாஸ்டலில் அழுதாயா, எந்தப் பரீட்சையில் போனது என்று பிள்ளைகளே கேட்கட்டும். முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் உண்மையான கேள்வி வரும்.

சொந்த ஊர் திசையன்விளை. ஒன்பதாவதோடு நின்று சென்னையில் மாமா முறையில் ஒருத்தர் மளிகைக் கடைக்கு வந்தேன். இப்போது 22. கடையை நான்தான் திறக்கிறேன், நான்தான் அடைக்கிறேன். படித்தவன் ஒருத்தன் வந்து 'பத்தாவதுகூட இல்லையா' என்று கேட்டால் கூசுகிறது. இத்தனை வருஷம் வீணா?

வீண் இல்லை வே. சரக்கு எது ஓடும், எது தேங்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், மாசக் கடைசியில் எந்த வீட்டில் என்ன வாங்குவார்கள் என்பதெல்லாம் உமக்கு மனப்பாடம். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இதே வேலைக்குத் தனித்தனியாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறான். ஆனால் அங்கே உள்ளே நுழைய காகிதம் கேட்பான், அதுவும் நிஜம்.

அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்தில் 1988இல் ஆரம்பித்த ஒரு நீண்ட ஆய்வில், படித்துக்கொண்டே வாரம் இருபது மணி நேரத்துக்கு மிகாமல் தொடர்ந்து வேலை பார்த்த பிள்ளைகள் பின்னால் படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்தார்கள் என்று கண்டார்கள். உமக்கு அந்த அளவு கிடைக்கவில்லை, ஒரு நாளைக்கே பதினான்கு மணி நேரம் நின்றிருப்பீர். தொழிலைக் கற்றுக்கொடுத்த கடை படிப்பைப் பறித்துக்கொண்டது. பறிபோன படிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும். வயது தடையில்லை. எட்டாவது தேறிய சான்றோ ஒன்பதாவது வரை படித்த மாற்றுச் சான்றிதழோ வேண்டும், படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டால் கொடுப்பார்கள். விண்ணப்பத்தை அரசுத் தேர்வுத்துறை சேவை மையத்தில் போட வேண்டும், தேதியைப் பேப்பரில் விளம்பரம் செய்வார்கள். ஒரே ஒரு விஷயம்: அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாக, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் ஒரு வருஷத்தை இழக்கிறார்கள். வகுப்புக்கு வர வேண்டிய நாட்களுக்குக் கடையில் இப்போதே லீவு கேட்டுவையும், சாவியை யாரிடம் கொடுப்பது என்பதையும் மாமாவிடம் பேசி முடித்துவிடும்.